நம்பியோ, எக்ஸ்பாட்டிஸ்தான்: குடும்பத்தோடு இடம் மாறுகிறவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

விலைவாசி அதிகமான ஊரில் வேலை கிடைத்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, விலைவாசி ஒப்பிடும் இணையதளம் ஒன்றைத் திறந்து இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டிப் பார்ப்பதுதான். 'இங்கே இவ்வளவு சம்பளத்தில் வாழும் வாழ்க்கையை அங்கே வாழ இவ்வளவு வேண்டும்' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அந்த வரியை மட்டும் நம்பி வேலையை ஒப்புக்கொள்வதும் தவறு, வேண்டாம் என்று சொல்வதும் தவறு. குடும்பத்துக்கு உண்மையில் உதவுவது அதே தளத்தில் இருக்கும் விலைப்பட்டியல். அதைப் பார்க்காமலேயே பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

இவற்றில் அதிகம் பேர் பார்ப்பது நம்பியோ. 2009-இல் தொடங்கிய இலவசத் தளம். விலைகளைப் பெரும்பாலும் அந்தந்த ஊரில் இருக்கும் பயனர்களே உள்ளிடுகிறார்கள். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களுக்குக் குறியீடு போடுகிறார்கள். அந்த ஒற்றை வரிப் பதிலுக்குக் கீழேயே இரண்டு நிபந்தனைகள் சிறிதாக எழுதப்பட்டிருக்கும்: இரண்டு ஊரிலும் நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள், சொல்லும் தொகை வருமான வரி போகக் கையில் வரும் சம்பளம். வாடகையும் மற்ற விலைகளும் கலந்த குறியீட்டால் உங்கள் மொத்தச் சம்பளத்தையும் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் எந்தச் செலவு எவ்வளவு என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இதனால் என்ன கெடுகிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கையில் வரும் மாத வருமானம் 100. அதில் வாடகை 25, அன்றாடச் செலவு 45, கடன் தவணை 15, சேமிப்பு 15. போகிற ஊரில் வாடகை 2.4 மடங்கு, மற்ற விலைகள் 1.3 மடங்கு, இரண்டும் கலந்து 1.6 மடங்கு என்று வைத்துக்கொண்டால் தளம் 160 வேண்டும் என்று சொல்லும். தனித்தனியாகப் பெருக்கினால் வாடகை 60, அன்றாடச் செலவு 58.5. கடன் தவணை ஊர் மாறியதால் ஏறாது, 15-தான். சேமிப்பும் அதே 15 போதும் என்றால் மொத்தம் 148.5. தளம் சொன்னதைவிடக் குறைவு.

அதே வருமானம், அதே செலவு. ஆனால் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, பகலில் பாட்டி பார்த்துக்கொள்கிறார். இப்போது அதற்குச் செலவு பூஜ்யம். பூஜ்யத்தை எந்தக் குறியீட்டால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். போகிற ஊரில் முழுநாள் காப்பகத்துக்கு 35 ஆகும் என்றால் இந்தக் குடும்பத்துக்கு 183.5 வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் தளம் சொல்வது ஒரே 160. ஒரு குடும்பம் நல்ல வாய்ப்பைத் தேவையில்லாமல் விட்டுவிடும், இன்னொன்று மாதாமாதம் கையைக் கடிக்கும் நிலைக்குப் போய் நிற்கும்.

சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இடைவெளி இன்னும் அதிகம். வாடகைக்குப் பதில் 25 வீட்டுக்கடன் கட்டுகிறார்கள் என்றால், இடம் மாறிய பிறகும் அந்த 25 நிற்காது. அதற்கு மேல் 60 வாடகை. பழைய வீட்டை வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்றால், வருடத்துக்கு 12 மாத வாடகை வரும் என்று எழுதாதீர்கள். காலியாகக் கிடக்கும் காலம், பழுது, வீட்டு வரி எல்லாம் போக 10 மாத வாடகை என்று போடுவதே பாதுகாப்பு.

சேமிப்புக்கு எந்த மடங்கு என்பது நீங்கள் எங்கே போய் நிலைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில வருடங்களில் திரும்புவதாக இருந்தால் பழைய 15 போதும். அங்கேயே வீடு வாங்கத் திட்டம் என்றால், நம்பியோவில் வீட்டு விலை ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு ஊரின் அந்த வரிகளை வகுத்து வரும் மடங்கால் சேமிப்பைப் பெருக்குங்கள். அந்த மடங்கு பல நேரம் வாடகை மடங்கைவிடப் பெரிதாக வரும். இந்த ஒரு வரியே சிலரின் முடிவை மாற்றிவிடும்.

அடுத்தது வரி. தளம் சொல்வது கைக்கு வரும் தொகை, நிறுவனம் சொல்வது மொத்தச் சம்பளம். இப்போது மொத்தம் 125, கையில் 100 என்றால் 60 சதவீத உயர்வு போதும் என்று தோன்றும். ஆனால் கூடுதலாக வரும் பணத்துக்கு உயர்ந்த அடுக்கில்தான் வரி பிடிப்பார்கள். அந்த அடுக்கு 35 சதவீதம் என்றால், கையில் 60 கூட வர மொத்தத்தில் 92 கூட வேண்டும். 125 என்பது 217 ஆக வேண்டும். இது 74 சதவீத உயர்வு. நாடே மாறுகிறது என்றால் இந்தக் குறுக்குக் கணக்கும் உதவாது. அங்குள்ள வரித்துறையின் கணிப்பானில் குடும்ப நிலை, குழந்தைகளுக்கான கழிவு, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துத்தான் கையில் வரும் தொகையை எழுத வேண்டும்.

இனி விலைப்பட்டியல். வாடகைக்கு நம்பியோ நான்கு விலைகளைத் தருகிறது: ஒரு படுக்கையறை, மூன்று படுக்கையறை, ஒவ்வொன்றும் நகர மையத்தில், மையத்துக்கு வெளியே. இரண்டு படுக்கையறைக்குத் தனி விலை இல்லை. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே பாதி வைத்து முதல் மதிப்பீடு செய்யலாம், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. 'மையத்துக்கு வெளியே' என்பதும் தெளிவில்லாத வரி. பத்து நிமிடத் தொலைவில் இருப்பவரும் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பவரும் அதே கட்டத்தில்தான் எண்ணைப் போடுகிறார்கள். குடும்பங்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது அந்தக் கட்டத்துக்குள்தான் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

ஒரு படுக்கையறை, மூன்று படுக்கையறை வாடகைகளுக்கு இடையே உள்ள தாண்டலையும் கவனியுங்கள். சில ஊர்களில் மூன்று படுக்கையறை வீடு ஒன்றரை மடங்கில் முடிந்துவிடும், சில ஊர்களில் இரண்டு மடங்குக்கு மேல் போகும். தனி ஆளாக அங்கே இருக்கும் நண்பர் 'சமாளிக்கலாம்' என்று சொல்வதும், நான்கு பேராகப் போகிறவர் திணறுவதும் இந்த இடத்தில்தான். ஏற்கெனவே குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையும் புதிதாக வருபவரிடம் கேட்கும் வாடகையும் ஒன்றல்ல, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் கட்டுப்பாடு உள்ள ஊர்களில் இந்த வேறுபாடு மிகப் பெரிது, சராசரியோ பழைய குடித்தனக்காரர்களால் கீழே இழுக்கப்பட்டிருக்கும்.

ஆகவே வாடகை எண்ணைத் தளத்திலிருந்து எடுக்காமல் நேரடியாகத் தேடுங்கள். வேலையிடத்திலிருந்து, காலை நெரிசல் நேரத்தில், 45 நிமிடத்துக்குள் வரும் பகுதிகளை வரைபடத்தில் குறியுங்கள். உங்களுக்கு வேண்டிய அறை எண்ணிக்கையில் அங்கே இப்போது விளம்பரத்தில் இருக்கும் 15 வீடுகளை வாடகை வரிசையில் எழுதி எட்டாவதை எடுங்கள். மிக மலிவானதை எடுக்க வேண்டாம். அதில் ஏதோ ஒரு காரணம் இருக்கும், சில நேரம் மோசடி விளம்பரமாகவே இருக்கும். இரண்டு வாரம் கழித்து அந்த 15-ஐயும் மறுபடி பாருங்கள். பாதிக்கு மேல் போய்விட்டிருந்தால் நீங்கள் இறங்கும்போது தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது, இடைக்காலத் தங்கலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு நம்பியோவில் இரண்டு விலை வரிகள்: தனியார் முழுநாள் பாலர் பள்ளியின் மாதக் கட்டணம், சர்வதேசத் தொடக்கப் பள்ளியின் ஆண்டுக் கட்டணம். முதல் வரி மிகப் பயனுள்ளது. இரண்டாவது பலரை வீணாகப் பயமுறுத்துகிறது. அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. ஆனால் அரசுப் பள்ளி இலவசம் என்றாலும் செலவு பூஜ்யமாகாது. பள்ளி விட்ட பிறகு பெற்றோர் வீடு வரும் வரை யார் பார்த்துக்கொள்வது, நீண்ட விடுமுறை வாரங்களில் என்ன செய்வது, இவற்றுக்கெல்லாம் தனிக் கட்டணம். அது பட்டியலில் இல்லை. இரண்டு மூன்று காப்பகங்களுக்கு எழுதி, கட்டணத்தோடு காத்திருப்புப் பட்டியல் எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். கட்டணம் கட்டுப்படியாகி இடம் கிடைக்காமல் போவதும் உண்டு.

மின்சாரம், வெப்பம், குளிர்விப்பு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்த கட்டணம் 85 சதுர மீட்டர் வீட்டுக்கானது. உங்கள் வீட்டின் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கடுங்குளிர் ஊர்களில் குளிர்கால மாதத்தின் கட்டணத்தைத் தனியாக விசாரியுங்கள். மளிகை, போக்குவரத்து, உடை விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே பிழை இருந்தாலும் மொத்தம் பெரிதாக ஆடாது.

'நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு' என்று பக்கத்தின் மேலே ஒரு தொகை வரும். அதில் வாடகை சேரவில்லை. அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் தப்புக்கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. கடந்த 12 மாதத்தில் எத்தனை பேர் எத்தனை பதிவுகள் போட்டார்கள் என்ற எண்ணிக்கையும் பக்கத்தில் இருக்கும். பெருநகரங்களில் அது நூற்றுக்கணக்கில் போகும். சிற்றூர்களில் விரல்விட்டு எண்ணலாம். முப்பது பேருக்குக் கீழே என்றால் அந்தப் பக்கத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அருகிலுள்ள பெரிய ஊரின் பக்கத்தைப் பார்த்து வாடகையை மட்டும் தனியாகத் திருத்துவது மேல். வீட்டில் எத்தனை பேர், வெளியில் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று மாற்றிப் பார்க்கும் மதிப்பீட்டுக் கருவி ஒன்றும் இதே தளத்தில் உண்டு. ஒற்றை வரிப் பதிலைவிட அது எவ்வளவோ தேவலை.

மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் இதே தளம் குறியீடு போடுகிறது. அவை விலைத் தகவல் அல்ல, பயனர்களின் அபிப்பிராயம். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் விலைப்பட்டியலில் இல்லை. நிறுவனம் தரும் காப்பீடு ஊழியருக்கு மட்டுமா, துணைக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தளங்கள் தொடாத பெரிய விஷயம் இரண்டாவது சம்பளம். இருவரும் சம்பாதித்து வரும் 100-ஐக் கணக்கில் போட்டுவிட்டு, புதிய ஊரில் ஒருவர் சம்பளத்தால் 160-ஐ எட்டப் பார்ப்பது பொருந்தாது. ஆசிரியர், செவிலியர், வழக்கறிஞர் போன்றோருக்கு ஊர் மாறினால் உரிமத்தை மறுபடி பெற வேண்டியிருக்கலாம், மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே இரண்டு கணக்கு போடுங்கள். துணைக்கு வேலை கிடைக்கும் வரை காப்பகம் தேவையில்லை, மேலே சொன்ன குடும்பத்துக்கு அப்போது 148.5 போதும், அதை ஒரே சம்பளம் தாங்குகிறதா என்று பாருங்கள். வேலை கிடைத்த பிறகு 183.5; அந்த இரண்டாவது சம்பளம் வரியும் பயணச் செலவும் போக 35-க்கு மேல் கொண்டுவர வேண்டும். முதல் கணக்கே தாங்கவில்லை என்றால், எத்தனை மாதம் தாங்க வேண்டுமோ அத்தனை மாதத்துக்கான பற்றாக்குறையைக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஒரே தடவை ஆகும் செலவும் எந்தத் தளத்திலும் வராது: முன்பணம், தரகு, சாமான் ஏற்றி இறக்கும் கூலி, இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டும் மாதம், புதிதாக வாங்க வேண்டிய சாமான்கள். புதிய ஊரின் மாத வாடகையைப் போல் நான்கு ஐந்து மடங்கு கையில் இல்லாமல் இறங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தத் தொகையை நீங்கள் இருக்கப்போகும் மாதங்களால் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். மூன்று வருடம் என்றால் 36-ஆல் வகுக்க வேண்டும். ஒரு வருடம்தான் என்றால் 12-ஆல், அப்போது பல இடமாற்றங்கள் கட்டுப்படியாகாது.

இன்னொரு விலை ஒப்பீட்டுத் தளமான எக்ஸ்பாட்டிஸ்தான் ப்ராக் நகரை 100 என்று வைக்கிறது. உணவு, வீடு, உடை, போக்குவரத்து, தன்பராமரிப்பு, பொழுதுபோக்கு என்று ஆறு பிரிவில் எத்தனை சதவீதம் கூட என்று காட்டும். படிக்க எளிது, பிரிவு பிரிவாக இருப்பதால் மேலே சொன்ன பெருக்கலுக்கு உடனே பயன்படும். ஆனால் அதன் வாடகைத் தொகைகள் சாமான்களோடு கூடிய வீட்டுக்கானவை. வீட்டுப் பயன்பாட்டுக் கட்டணம் இரண்டு பேருக்கானது. கல்விக்கென்று தனிப் பிரிவு இல்லை. குழந்தை இல்லாத தம்பதிக்கு இது போதும். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டாவது கருத்தாக மட்டும் பார்க்கலாம்.

செய்திகளில் வரும் 'உலகின் விலை உயர்ந்த நகரங்கள்' வரிசையைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. மெர்சர் போன்ற மனிதவள ஆலோசனை நிறுவனங்களின் பட்டியல், வெளியூருக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள் அவர்களுக்கான படித்தொகையை (அலவன்ஸ்) நிர்ணயிக்க உருவானது. நாணய மாற்று விகிதம் அசைந்தாலே அந்த வரிசையில் நகரங்கள் ஏறி இறங்கும்.

நிறுவனத்தோடு பேச உட்காரும்போது தளத்தின் ஒற்றை வரியை அச்செடுத்துப் போகாதீர்கள். அவர்களிடம் வேறு தரவு இருக்கும், விவாதம் அங்கேயே முடிந்துவிடும். எடுத்துப் போக வேண்டியவை மூன்று: அந்த 15 வீட்டு விளம்பரங்களின் பட்டியல், காப்பகம் எழுத்தில் கொடுத்த கட்டணம், வரிக் கணிப்பானின் முடிவு. இடமாற்றச் செலவைச் சம்பளத்தோடு கலக்காமல் தனித் தொகையாகக் கேளுங்கள். அதற்கு வரி உண்டா, குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்ற இரண்டுக்கும் கையெழுத்துக்கு முன்பே பதில் வாங்கிவிடுங்கள்.