சன்போர்டு ஃபின் ஜிக்: ஊட்டிக் குளிரில் நெடுநாள் பயன்பாடு

மாதிரி ராக்கெட்டின் குழாயில் ஃபின்களை, அதாவது வால் துடுப்புகளை, ஒட்டும்போது நேராகப் பிடித்துவைக்கும் சட்டம்தான் ஃபின் ஜிக். பிடி-50 என்ற அளவுக் குழாய்க்கு, அதாவது 24.8 மி.மீ. வெளி விட்டத்துக்கு, 5 மி.மீ. சன்போர்டில் வெட்டிய ஜிக் இது. 150 மி.மீ. சதுரத் தகடுகள் இரண்டு, நடுவில் 40 மி.மீ. இடைவெளி. நடுவே 25 மி.மீ. துளை, அதிலிருந்து 120 டிகிரிக்கு ஒன்றாக, ஃபின் நுழைய மூன்று காடிகள். ஒற்றைத் தகடு போதும் என்று பலர் சொல்வார்கள்; போதாது. ஃபின் குழாயின் நீளவாக்கில் கோணுவதை ஒற்றைத் தகடு தடுக்காது.

அந்தக் கோணல்தான் வம்பு. மூன்று ஃபின்களுக்கு இடையே ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தாலும் ராக்கெட் நேராகவே ஏறும். ஆனால் அடிப்பக்கம் 60 மி.மீ. உள்ள ஃபின்னின் ஒரு முனை நீளவாக்குக் கோட்டிலிருந்து 1 மி.மீ. விலகினால் அது கிட்டத்தட்ட ஒரு டிகிரிக் கோணல். மூன்றும் ஒரே பக்கம் கோணினால் சுழன்றுகொண்டே போய் உயரம் குறையும். ஒன்று மட்டும் கோணினால் ஆட்டம்தான்.

இந்த ஊரில் மழைக்காலத்தில் அட்டை ஜிக் வளைந்துவிடும். எம்.டி.எஃப் (மரநார்ப் பலகை) ஊதி, காடி இறுகும். சன்போர்டு பிவிசி நுரை என்பதால் ஈரம் குடிப்பதில்லை. குறை ஒன்றுண்டு: காடியின் விளிம்பு நாளடைவில் மழுங்கித் தளர்கிறது. 2.4 மி.மீ. பால்சா மர ஃபின்னுக்கு 2.5 மி.மீ. காடி என்று ஆரம்பித்தது தளர்ந்ததும், உள்விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிச் சமாளிக்கலாம். கோவையில் லேசரில் அக்ரிலிக் வெட்டி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, செலவுதான் கூடும்.

காடி துளையோடு சேரும் இடத்தில் 8 மி.மீ. அரைவட்டம் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிதுங்கும் பசை ஜிக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மெழுகு தேய்க்கும் யோசனை வேண்டாம். அது குழாயில் பட்டால் அந்த இடத்தில் பசை நிற்காது.

குறிப்பதற்கு ஒரு காகிதப் பட்டை போதும். சுற்றளவு 78 மி.மீ., ஆகவே 26 மி.மீ.க்கு ஒரு கோடு. கோட்டை நீட்ட அலுமினிய எல் ஆங்கிளைக் குழாயின் மேல் கவிழ்த்துப் பென்சிலை ஓட்டுங்கள். அந்த இடத்தில் மட்டும் வழவழப்பு போக 220 உப்புத்தாள் போடுங்கள். பால்சாவின் நார் ஓட்டம் ஃபின்னின் முன்விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். மாறினால் தரையிறங்கும்போது ஒடியும்.

இனி பசை. குழாயின் கோட்டிலும் ஃபின் அடியிலும் பிவிஏ மரப்பசையை மெல்லத் தடவி ஊற விடுங்கள். சமவெளியில் 5 நிமிடத்தில் பிசுபிசுக்கும். பனிமூட்டத்தில் 15 கூட ஆகும். அவசரப்பட்டால் ஃபின் வழுக்கும். பிறகு இரண்டாம் பூச்சு, ஒரு நிமிட அழுத்தம். மூன்றும் நின்றதும் குழாயின் வால்பக்கத்தை ஜிக்குக்குள் இறக்கி, காலை வரை தொடாதீர்கள்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதுவும் கைகொடுக்காது. ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே பிவிஏ படலமாகச் சேராமல் சுண்ணாம்புபோல வெளுத்து உலர்கிறது. நகத்தால் தட்டினாலே உதிரும். ஜிக்கோடு அட்டைப்பெட்டியில் வைத்து, ஓரடி தள்ளி 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டால் போதும். பல்பு அட்டையில் படக்கூடாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டி உருகும். எபாக்ஸிப் பசைக்கும் இதே சூடு தேவை, '5 நிமிட' ரகத்துக்கும்தான்.

சயனோ ரக உடனடிப் பசை ஈரத்தில் இன்னும் வேகமாகப் பிடிக்கும். திருத்த நேரமே தராது, சுற்றிலும் வெள்ளைப் படிவு வேறு. அது ஊறிய பால்சாவில் பிறகு பிவிஏ பிடிப்பதும் இல்லை.

ஜிக்கைக் கழற்றியதும் நுனிக்கு நுனி அளங்கள். ஃபின் 50 மி.மீ. நீட்டியிருந்தால் மூன்று இடத்திலும் 108 வர வேண்டும். அதன்பின் மூலைப்பூச்சு, அதாவது ஃபின்னும் குழாயும் சேரும் மூலையில் பிவிஏ பூசுவது: குழாயைப் படுக்கவைத்து, மேலே வரும் இரண்டு மூலைகளுக்கு மட்டும், ஐஸ் குச்சியால். தடிமனாக ஒரே தரம் போட்டால் நீர் வற்றிச் சுருங்கிக் குமிழி விடும். மெலிதாக மூன்று தரம் நல்லது. ஃபின்னுக்குச் சீலர் (மரத் துளைகளை அடைக்கும் பூச்சு) அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நாளில் அடியுங்கள். ஒருபக்கம் மட்டும் அடித்து வைத்தால், குறிப்பாக வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம், மறுநாளே பால்சா வளைந்து நிற்கும்.