காசிமேடு வெள்ளை வவ்வால்: எதை எடுக்கலாம், எப்படி வறுக்கலாம்

முழு மீன் வறுவலுக்குச் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் முதலில் தேட வேண்டியது வெள்ளை வவ்வால்தான், அதுவும் 250 முதல் 350 கிராம் வரை உள்ளது. அரை கிலோவைத் தாண்டினால் விலை எகிறும். ருசி அந்த அளவுக்கு ஏறாது, தோசைக்கல்லிலும் அடங்காது. உள்ளங்கையைவிடச் சின்னதெல்லாம் குஞ்சு. மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏலம் கூடைக் கணக்கில் போகும். வீட்டுக்கு என்றால், ஏலம் எடுத்துப் பிரித்து விற்கும் அம்மாக்களிடம் வாங்குங்கள். கூறு கட்டியிருந்தால் கலைத்துப் பார்த்து, எடை போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது; வரத்து குறைந்து விலை கூடும். ஆனால் ஃபைபர் படகில் அன்றைக்கே பிடித்து வருவது நல்ல மீன்.

வவ்வாலில் செவுள் பார்ப்பது லேசில்லை. மற்ற மீன்போல மூடி அகலத் திறக்காது, சின்னக் கீறல்தான் இருக்கும். அதனால் வயிற்றை அழுத்திப் பாருங்கள், முதலில் கெடுவது அங்கேதான். பள்ளம் உடனே நிமிர வேண்டும். பொடிச் செதில் வெள்ளியாக ஒட்டியிருந்தால் அதிகம் கை மாறாத மீன். கண் மங்கலை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம்; ஐஸ் பட்டாலும் மங்கும்.

வெளிச் சந்தைகளில் வளர்ப்பு மீனை வவ்வால் என்று தள்ளிவிடுவார்கள். ரூப்சந்த் என்கிற நன்னீர் மீனுக்கு மனிதப் பல்போல வரிசைப் பல் இருக்கும், முதுகில் வாலுக்கு முன்னால் குட்டிச் சதைத் துடுப்பும் இருக்கும். கூண்டிலும் குளத்திலும் வளர்க்கும் பாம்பனோவுக்கு அடிவயிற்றில் ஜோடித் துடுப்பு உண்டு. வளர்ந்த வெள்ளை வவ்வாலுக்கு அது கிடையாது. பாம்பனோ ருசியான மீன்தான், வவ்வால் விலை கொடுக்கத்தான் கூடாது.

வெட்டுபவரிடம் தலையோடு விடச் சொல்லி, குடலை மட்டும் எடுத்து, இரு பக்கமும் முள் வரை மூன்று கீறல் போடச் சொல்லுங்கள். கழுவியதும் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். மசாலா கல்லோடு உரிந்து போவதற்கு இந்த ஈரமே முக்கியக் காரணம். இரண்டு மீனுக்கு மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை, மிளகுத்தூள் அரை, இஞ்சி பூண்டு விழுது 1, அரிசி மாவு 1, உப்பு முக்கால், எலுமிச்சை அரை மூடி. கீறலுக்குள்ளும் தடவி 20 நிமிடம் ஊறட்டும். எலுமிச்சையோடு மணிக்கணக்கில் வைத்தால் சதை மேலே வெளுத்து, வறுக்கும்போது வறண்டுவிடும்.

இரும்புக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு மீனை வையுங்கள். மிதமான தீயில் 5 நிமிடம் தொடவே கூடாது. ஓரம் சிவந்து தானாகக் கல்லை விடும்போது ஒரே ஒரு முறை திருப்பி, இன்னும் 4 நிமிடம். நடுமுள் ஓரம் சதை கண்ணாடிபோல இருந்தால் வேகவில்லை. முழு வெள்ளையானதும் எடுத்துவிடுங்கள்.

குழம்புக்கு இதை வீணாக்க வேண்டாம். விலை குறைந்த கருப்பு வவ்வால் புளிக் கொதியில் உடையாமல் நிற்கும்.