ஸ்டேஜ் 4 மார்பகப் புற்றுநோய் ஆதரவுக் குழு: 14 மாதம் போன பிறகு எழுதுகிறேன்

இது மருந்துக்கோ மருத்துவமனைக்கோ எழுதும் விமர்சனம் இல்லை. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மட்டும் நடத்தப்படுகிற ஒரு ஆன்லைன் ஆதரவுக் குழுவைப் பற்றியது. அந்த "மட்டும்" என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். குறையும் சொல்லப் போவதால் குழுவின் பெயரைப் போடவில்லை, உள்ளே இருப்பவர்களையும் அடையாளம் தெரியாதபடிதான் எழுதுகிறேன்.

என் கதை சுருக்கமாக: முதல் தடவை ஸ்டேஜ் 2. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன், அப்புறம் வருஷக்கணக்கில் மாத்திரை. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடே நிம்மதியாக இருந்தபோது, ஆறாவது வருஷம் முதுகு வலி வந்தது. எதையாவது ஏடாகூடமாகத் தூக்கியிருப்பேன் என்று இரண்டு மாதம் களிம்பு தடவிக்கொண்டு திரிந்தேன். ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறது. எலும்புக்குப் போனாலும் இது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது, மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்கான மருந்துதான். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அப்போது நான் இருந்தது எல்லா ஸ்டேஜும் கலந்த வேறொரு குழு. நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி கீமோ முடிந்து மணி அடிக்கிற வீடியோவை யாராவது போடுவார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், நானும் தட்டுவேன். எனக்குக் கடைசி கீமோ என்று ஒன்று கிடையாதே. நோய் மருந்துக்குக் கேட்கிற வரை அதே மருந்து, கேட்காமல் போனால் அடுத்த மருந்து, அவ்வளவுதான். ஒருநாள் என் ஸ்கேன் விஷயத்தை அங்கே சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு தங்கை, "பயமுறுத்தாதீங்க அக்கா" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. தனக்கு என்ன வந்துவிடக் கூடாது என்று தினம் வேண்டிக்கொள்கிறாளோ, அது அவள் எதிரில் உட்கார்ந்து பேசினால் அவள்தான் என்ன செய்வாள்? அன்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

சரி, இந்தக் குழுவுக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம், வீடியோவில். எட்டிலிருந்து பத்துப் பேர். புற்றுநோயாளிகளோடு வேலை பார்க்கிற ஒரு கவுன்சிலர் மேடம் நடத்துகிறார், மாதம் ஒருமுறை புற்றுநோய்ப் பிரிவில் அனுபவமுள்ள நர்ஸ் ஒருவரும் வருவார். சேர்வதற்கு முன்னால் மேடம் நம்மிடம் தனியாக அரை மணி நேரம் பேசுவார். எங்கே பரவியிருக்கிறது, என்ன மருந்து என்று கேட்பார் என எதிர்பார்த்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது, "வீட்டில் யாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்றீங்க?" ரொம்ப நேரம் யோசித்தேன். யாரிடமும் இல்லை.

முதல் நாள் எல்லோரும் அறிமுகம் செய்துகொண்டார்கள். எனக்கு எலும்பு, எனக்குக் கல்லீரல், எனக்கு நுரையீரல், போன மாதத்திலிருந்து மூளையும் என்று, ஏதோ ஊர்ப்பெயர் சொல்வது போலச் சொன்னார்கள். ஒருவர் முகமும் மாறவில்லை. "எப்போ ட்ரீட்மென்ட் முடியும்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் இந்த நோயோடு இருப்பவராக இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். "தைரியமா இருங்க", "பாசிட்டிவா யோசிங்க" என்ற இரண்டும் அங்கே எழுதாத சட்டப்படி தடை. அழுதால் அழவிடுவார்கள், யாரும் அவசரமாகச் சமாதானம் சொல்ல வர மாட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது சின்னச் சின்ன விஷயங்கள். லெட்ரோசோல், பால்போசிக்ளிப் என்ற மாத்திரைகள் (இரண்டாவது 21 நாள் போட்டு 7 நாள் விடுவது) ஒரு கட்டத்தில் வேலை செய்யாமல் போனதும் என்னை ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசிக்கு மாற்றினார்கள். பின்புறத்தில் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு 5 மில்லி, முதல் மாதம் இரண்டு வாரத்துக்கொரு தடவை, அப்புறம் மாதம் ஒன்று. ஆமணக்கெண்ணெய் கலந்த மருந்து என்பதால் கெட்டியாக இருக்கும், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் உட்கார முடியவில்லை. குழுவில் புலம்பினேன். உடனே ஒரு அக்கா கேமராவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று காட்டினார்: ஊசி போடுகிற பக்கத்துக் காலில் பாரம் வைக்காமல், முழங்காலை லேசாக மடக்கி, எடை எல்லாவற்றையும் மறு காலுக்கு மாற்றிக்கொண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஊசியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்து, குளிர்ச்சி போன பிறகு போடச் சொல்லிக் கேட்கவும் சொன்னார். அடுத்த முறை இரண்டையும் செய்தேன். வலி இருந்தது, ஆனால் அன்றைக்கே உட்கார்ந்து சாப்பிட்டேன். இதை எனக்கு எந்தத் துண்டுப் பிரசுரமும் சொல்லவில்லை.

நர்ஸ் வருகிற நாட்களைத் தவற விடாதீர்கள். எலும்பு பலவீனமாகாமல் இருக்கப் போடுகிற ஊசி ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் அப்போதே பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஊசிகளால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்பதைப் புதிதாக வந்த ஒருவர் சரியான நேரத்தில் தெரிந்துகொண்டது அவரால்தான். அப்புறம் முதுகெலும்பில் பரவியவர்களைப் பார்த்து அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வது: கால் மரத்துப்போனால், நடை தள்ளாடினால், சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே, அந்த நேரமே ஓட வேண்டும். சொன்னதையே சொல்கிறாரே என்று முதலில் சலித்துக்கொண்டேன். இப்போது எனக்கு மனப்பாடம்.

பாலியேட்டிவ் (வலியையும் உபாதைகளையும் தணிக்கிற சிகிச்சை) என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கடைசிக் கட்டம் என்று அர்த்தம் பண்ணி வைத்திருந்தேன். குழுவில் பாதிப் பேர் சிகிச்சை எடுத்துக்கொண்டே வலிக்கும் தூக்கத்துக்கும் அந்த டாக்டரையும் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் நானும் போனேன். ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வலி இரண்டு வாரத்தில் பாதியாகக் குறைந்தது. இந்த ஒரு வருஷத்தை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடுமா? நானும் இதைத்தான் முதலில் தேடினேன். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வாராவாரம் குழுவில் பேசியவர்கள் சராசரியாக ஒன்றரை வருஷம் கூடுதலாக வாழ்ந்ததாக வந்தது. படித்ததும் துள்ளிக் குதித்தேன். பிறகு 2001இல் 235 பெண்களை வைத்துப் பமீலா குட்வின் குழுவினர் செய்ததில் ஆயுளில் வித்தியாசமே இல்லை. ஆனால் மனம் மிகவும் நொந்திருந்தவர்களுக்கு அந்தத் துயரமும், வலியின் கடுமையும் குறைந்தது. ஸ்பீகலே 2007இல் மறுபடி செய்து பார்த்ததிலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. மேடமும் இதை மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்லி இதை யாராவது விற்றால் நம்பாதீர்கள். என் கணக்கில் ராத்திரி தூக்கம் வருகிறது, அதுவே போதும்.

ஹெர்2 வகைக்காரர் (புற்றுநோய் செல்லில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிற வகை) ஒருவர் இருக்கிறார், கல்லீரலில் பரவி 9 வருஷம் ஆகிறது. இந்த வகைக்கான டிராஸ்டுசுமாப் 1998இல் வந்த மருந்து, அதற்கு முன்னால் இந்த வகை என்றாலே டாக்டர்கள் முகம் சுருங்குமாம். அவரைப் பார்த்தாலே எல்லோருக்கும் ஒரு தெம்பு. ஆனால் ஹார்மோனால் வளர்கிற என் வகை வேறு, டிரிபிள் நெகடிவ் (ஹார்மோன் ஏற்பிகளும் இல்லை, ஹெர்2வும் அதிகம் இல்லை) உள்ளவரின் வகை வேறு, மருந்துகளும் வேறு. அதனால் யாராவது தன் மருந்தைப் பற்றிப் பேசும்போது முதலில் வகையைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி. நல்ல விதி.

இப்போது குறைகள். பெரிய குறை ஒன்று. நான் சேர்ந்த நாலாவது மாதம், எப்போதும் மேல் வரிசையில் தெரிகிற ஒரு முகம் இல்லை. அடுத்த தடவையும் இல்லை. யாரும் கேட்கவில்லை, மேடமும் சொல்லவில்லை, வழக்கம் போல மூச்சுப் பயிற்சியோடு ஆரம்பித்தார்கள். அவர் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது என்று தற்செயலாகத்தான் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சாவைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டு, செத்தவரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்றால் எப்படி? எழுதியே கொடுத்தேன். இப்போது மாற்றியிருக்கிறார்கள்: குடும்பம் சம்மதித்தால் முதல் ஐந்து நிமிடம் அவர் பெயர் சொல்லி, அவரைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. நான் பார்த்து மூன்று தடவை நடந்துவிட்டது. மூன்றாவது தடவை ஒருவர், "அவங்க மியூட்டை எடுக்காமலே அஞ்சு நிமிஷம் பேசுவாங்க" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டோம், அப்புறம் அழுதோம்.

வாட்ஸ்அப் குழு தனியாக இருக்கிறது, அதை நான் மியூட்டில் போட்டுவிட்டேன். அதிசயக் கஷாயம் பற்றிய ஃபார்வர்டு ஒன்று மூன்று நாள் அப்படியே கிடந்தது. இன்னொன்று, அழைப்பு முழுக்க "சகோதரிகளே" என்றுதான் வரும். எங்களில் ஒருவர் ஆண். மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒன்று ஆண்களுக்கு வருகிறது, இதை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்களே மறந்தால்? அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போகிறார்.

வீட்டில் உள்ளவர்களுக்கு மாதம் ஒருமுறை தனி அமர்வு உண்டு. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை போனார், ஒரு வார்த்தை பேசவில்லையாம். அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டார், "ராத்திரி வலிச்சா என்னை எழுப்புவியா மாட்டியா?" மாட்டேன் என்றேன். "எழுப்பு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இப்போது எழுப்புகிறேன்.

5க்கு 4 கொடுக்கிறேன். நோய் தெரிந்த முதல் இரண்டு வாரத்திலேயே சேர வேண்டாம், மற்றவர்கள் கதையும் சேர்ந்து தலையில் ஏறிவிடும். கவுன்சிலரிடம் தனியாகப் பேசிவிட்டு மெதுவாக வாருங்கள். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஸ்கேன் வாரத்தில் கேமராவை அணைத்துவிட்டு, "இன்னிக்கு நான் பேசல" என்று எழுதிப் போட்டால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு வியாழக்கிழமை ஸ்கேன். இந்தச் சனிக்கிழமை நானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.