கைண்ட் வேர்ட்ஸ்: முகம் தெரியாதவருக்கு நாலு வரி

மனசு சரியில்லாத நேரத்தில் கைபேசியைத் திறந்து, மூடும்போது இன்னும் கனத்துப் போவது நம்மில் பலருக்கும் நடக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வது கைண்ட் வேர்ட்ஸ். கணினியில் ஆடும் சின்ன விளையாட்டு, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கிடைக்கிறது, அமெரிக்காவில் விலை 5 டாலர் அளவுதான். பாப்கேனிபல் என்ற சிறிய குழு 2019-இல் வெளியிட்டது, அடுத்த வருடமே பிரிட்டனில் சினிமாவுக்கும் விளையாட்டுகளுக்கும் தரப்படும் பாஃப்டா விருதும் வாங்கியது. விளையாட்டு என்ற பெயர்தானே தவிர ஜெயிக்கவோ தோற்கவோ இதில் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு படைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஓர் அறை, பின்னால் கிளார்க் அபூட் அமைத்த லோஃபை என்ற நிதானமான, மெல்லிய இசை. கடிதங்களைக் கொண்டுவருவது ஒரு மான். உங்கள் கவலையை எழுதி அனுப்பலாம், இல்லையென்றால் எங்கோ ஒருவர் எழுதியதைப் பிரித்துப் படித்துப் பதில் போடலாம். எழுதுகிறவர்கள் எல்லாரும் நிஜ மனிதர்கள், ஆனால் பெயர் தெரியாது. பதில் பிடித்திருந்தால் நன்றிக்கு ஒரு ஸ்டிக்கர் அனுப்பலாம், அவ்வளவுதான், அதற்குமேல் அந்த ஆளோடு பேச்சு தொடராது.

இந்தக் கடைசி விதிதான் இதன் உயிர் என்பேன். பின்தொடர்பவர் எண்ணிக்கை இல்லை, விருப்பக்குறி இல்லை, விவாதம் வளர வழியே இல்லை. கேலி செய்ய வருகிறவனுக்கு வேடிக்கை பார்க்க ஆள் கிடைக்காது. மீறி யாராவது தப்பாக எழுதினால் புகார் செய்யலாம்.

நான் படித்ததில் ஒன்றைச் சொல்கிறேன். புது வேலையில் சேர்ந்த ஒருவர், கேன்டீனில் தனியாக உட்கார்வது எல்லோர் கண்ணிலும் படுமே என்று மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவதாக எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்கு வந்ததெல்லாம் அறிவுரைதான்: போய்ப் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். எழுதியதை அழித்துவிட்டு, நானும் ஒரு காலத்தில் டிபன் பாக்ஸை வேகவேகமாகக் காலி செய்துவிட்டு எழுந்து போனதை மட்டும் எழுதினேன். அதை எழுதி முடித்தபோது லேசானது என் மனசு. வாங்குவதைவிடக் கொடுப்பதில்தான் இந்த விளையாட்டின் பலன் அதிகம் என்று அதற்கப்புறம் பலமுறை பார்த்துவிட்டேன்.

எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவங்களைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பிறகு மருத்துவரிடம் போனது குறைந்தது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. அந்த ஆய்வுகள் இந்த விளையாட்டைப் பற்றியவை அல்ல, அதனால் இதையே மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறைகளும் இருக்கின்றன. 'எல்லாம் சரியாகிவிடும், நீங்கள் அருமையானவர்' மாதிரியான பதில்கள் நிறைய, நல்ல எண்ணத்தில் எழுதியவைதான், ஆனாலும் வலியோடு இருப்பவருக்கு அவை ஒட்டாது. நீங்கள் பதில் எழுதிய ஆள் அப்புறம் என்ன ஆனார் என்பதும் தெரியப்போவதில்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: நான் பார்த்த கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். கல்யாணப் பேச்சு நின்றுபோனதால் சொந்தக்காரர் விசேஷம் எதற்கும் போகப் பிடிக்காத ஒரு பெண், அதை வேறு நாட்டுக்காரருக்குப் புரியவைக்க முதலில் நம் ஊர் வழக்கத்தையே விளக்க வேண்டும். அதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போகும். பெயரில்லாமல், பதிலுக்குப் பதில் இல்லாமல், யாராவது பொறுப்பாகக் கண்காணிக்க, தமிழில் இப்படி ஒன்றை ஒரு கல்லூரியோ நூலகமோ நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

2024-இல் இரண்டாம் பாகமும் வந்தது, அதில் அறையை விட்டு வெளியே போய் ஊரைச் சுற்றலாம். புதிதாக வருபவர்கள் முதல் பாகத்தில் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் அதில் எழுதுவதைத் தவிர கவனம் சிதற ஒன்றும் இல்லை. போன உடனே உங்கள் கவலையை எழுத வேண்டாம், இரண்டு மூன்று பேருக்குப் பதில் எழுதிப் பாருங்கள், பிறகு உங்கள் கடிதம் தானாக வரும். உயிரை விட்டுவிடலாம் என்ற அளவுக்கு மனம் போயிருந்தால் மட்டும் இதற்காகக் காத்திருக்காதீர்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, இரண்டும் அரசு நடத்தும் மனநல உதவி எண்கள், உடனே கூப்பிடுங்கள்.