நிபா டெஸ்ட் என்று சொல்லி 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், ஜாக்கிரதை

வயிறு எரிகிறது, அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். கிளினிக் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். வடசென்னையில் ஏசி, டோக்கன் மெஷின், மாடியில் சொந்த லேப் என்று இருக்கும் ஒரு தனியார் கிளினிக். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கோழிக்கோட்டில் வேலை பார்க்கும் தம்பி லீவுக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தான். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. டாக்டரிடம் கோழிக்கோடு என்று சொன்னதுதான் தாமதம், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "நிபாவா இருக்கலாம். வெளியே தெரிஞ்சா சுகாதாரத்துறை வண்டி வந்து தெருவையே அடைச்சிடும். சத்தமில்லாம நம்ம லேப்லயே பார்த்துடலாம்" என்றார். வவ்வாலிலிருந்து பரவும் இந்த நிபா வைரஸ் 2018-ல் கோழிக்கோட்டில் வந்து ஆட்கள் செத்ததை டிவியில் பார்த்தவர்கள் நாங்கள். அம்மா பக்கத்தில் நின்று அழுகிறார். நமக்காக மனுஷன் இவ்வளவு யோசிக்கிறாரே என்று நம்பி அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். டெஸ்டுக்கு 11,000. வீட்டில் மூன்று பேருக்கு "நிபா தடுப்பு ஊசி", தலைக்கு 2,500. மொத்தம் 18,500.

மூக்கில் குச்சி விட்ட பையன் கையில் கிளவுஸ் கூட இல்லை. நிபா என்று சந்தேகப்படுகிற ஆளைக் குழந்தைகள் இருக்கும் ஹாலில் மாஸ்க் இல்லாமலா உட்காரவைப்பார்கள்?

மறுநாள் ரிப்போர்ட். இன்ஃப்ளூயன்சா ஏ, பி, ஆர்எஸ்வி, அடினோ, கொரோனா என்று சளி, காய்ச்சல் வைரஸ்களின் பட்டியல், எல்லாம் நெகட்டிவ். மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தேன், நிபா என்ற பெயரே இல்லை.

அதற்குள் தம்பிக்குப் பல் ஈறில் ரத்தம். ஜி.எச்.சுக்கு ஓடினோம். அங்கிருந்த சின்ன வயசு டாக்டரம்மா, கோழிக்கோட்டில் காய்ச்சல்காரர் யாரோடாவது இருந்தானா, ஆஸ்பத்திரிக்குப் போனானா, வவ்வால் கடித்த பழம் தின்றானா என்று கேட்டார். கிளினிக்காரர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்த டெஸ்ட் பார்த்தார்கள், டெங்குதான். கிளினிக்கில் வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி போட்டதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. டெங்குவில் அது ரத்தக்கசிவை அதிகமாக்குமாம். நிஜமாகவே நிபா சந்தேகம் என்றால் சுகாதாரத்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், தனி அறையில் வைக்க வேண்டும், சாம்பிள் புனே தேசிய வைராலஜி நிறுவனம் மாதிரி இடத்துக்குப் போகும், கிளினிக் மாடியில் பார்க்கிற சமாச்சாரம் இல்லை என்றார். தடுப்பூசியா? அப்படி ஒன்று இன்னும் விற்பனைக்கே வரவில்லையாம். அப்போ எங்களுக்குப் போட்ட அந்த மஞ்சள் மருந்து என்ன? பி காம்ப்ளெக்ஸ் வாடைதான் அடித்தது.

அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரிசப்ஷனில் "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார்." லேபில் "எழுதிக் கொடுத்ததைச் செஞ்சோம்." மேனேஜர் இருக்காரே, "நெகட்டிவ்னு வந்ததுக்குச் சந்தோஷப்படுங்க சார்" என்கிறார். 18,500 ரூபாய் சார்! பில்லில் "இன்வெஸ்டிகேஷன்", "இம்யூனிட்டி" என்று இரண்டே வார்த்தை. இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

புதுசா வரும் வைரஸ் பற்றி எல்லா டாக்டருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. டெஸ்ட் பெயர் பில்லில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். வெளியே சொல்லாதீங்க என்கிற டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை வலி ஊசி வேண்டாம். சந்தேகம் என்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் பண்ணுங்கள். தம்பிக்கு இன்று பிளேட்லெட் ஏறியிருக்கிறது. பில்லை எடுத்துக்கொண்டு மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்கக் கிளம்புகிறேன்.