எட்டிமான்லைன்: வேரைப் பிடித்துச் சொல் படிக்க

ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்து சலித்தவர்களுக்கு, டக்ளஸ் ஹார்ப்பரின் எட்டிமான்லைன் என்ற, சொற்களின் வேரைச் சொல்லும் இணைய அகராதியைத் தயங்காமல் சொல்வேன். இலவசம்தான்.

'கான்ஷன்ஸ்' (மனசாட்சி) என்று தேடுங்கள். 'உடன்' அல்லது 'முழுவதும்' என்ற பொருளுள்ள முன்னொட்டும், 'அறி' என்ற பொருளுள்ள லத்தீன் 'ஸ்கீரே'யும் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டும். அங்கிருந்து 'சயன்ஸ்' பதிவுக்குத் தாவலாம். 'கான்ஷியஸ்', 'ஆம்னிஷியன்ட்' (எல்லாம் அறிந்த) எல்லாம் அதே குடும்பம். உணர்தலைக் குறிக்கும் 'சென்டீரே' இன்னும் வளமானது: கன்சென்ட் (சம்மதம்), டிசென்ட் (மாற்றுக்கருத்து), ரிசென்ட் (மனக்கசப்பு கொள்), சென்டிமென்ட். 'சென்டன்ஸ்' கூட அதன் வாரிசே. லத்தீனில் 'கருத்து, தீர்ப்பு' என்றிருந்தது. நீதிமன்றத் தண்டனைக்கும் அதே சொல் வருவது அதனால்தான்.

எழுத்தை மட்டும் பார்த்து வேரை ஊகித்தால் சறுக்கும். 'ஆப்சென்ட்', 'பிரசென்ட்' இரண்டிலும் 'சென்ட்' இருக்கிறது. ஆனால் அவை 'இரு' என்ற வினையிலிருந்து வந்தவை, உணர்வோடு தொடர்பில்லை. ஒவ்வொரு சொல்லையும் இங்கே தட்டிப் பார்த்தபின் பட்டியலில் சேருங்கள்.

குறை என்றால், இது சொல் வரலாற்று அகராதி. இன்றைய பயன்பாட்டைக் கற்றுத்தராது. 'சென்சிபிள்', 'சென்சிட்டிவ்' வேறுபாட்டுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதி ஒன்றும் பக்கத்தில் வேண்டும்.