சனிக்கிழமை அறிவியல் வகுப்பு, கிருஷ்ணகிரி: சேர்க்கலாம், கிட் மட்டும் வாங்காதீங்க

மூணாவது முதல் அஞ்சாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்காக பெங்களூரு ரோடு பக்கம் ஒரு மாடியில் சனிக்கிழமை காலையில் நடக்கிற செய்முறை அறிவியல் வகுப்பு எப்படி என்று எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். என் பெண் நாலாவது, இந்தப் பருவம் முழுக்கப் போய் வந்தாள். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. மாதம் 900 ரூபாய் கட்டணம் வீணில்லை. வீட்டில் செய்து பார்க்க என்று அங்கேயே தலையில் கட்டும் 1,800 ரூபாய் சாமான் கிட் சுத்த வேஸ்ட்.

சொல்லிக்கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், இன்னொருவர் இன்ஜினியரிங் முடித்த இளைஞர். பெற்றோரைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள், அதனால் இதையெல்லாம் நேரில் பார்த்தேன். ஒரு நாள் தண்ணீர் அழுத்தம் பாடம். பாட்டிலில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஓட்டை போட்டு, டேப் ஒட்டி, தண்ணீர் நிரப்பி, டேப்பை உரிக்க வேண்டும். கீழ் ஓட்டைத் தண்ணீர்தான் ரொம்ப தூரம் போகும் என்று இளைஞர் போர்டில் படமே போட்டுவிட்டார். பாட்டில் மேசை மேல் ஒரு பெரிய தட்டில் நின்றது. உரித்தால் நடு ஓட்டைத் தண்ணீர்தான் தள்ளிப் போய் விழுந்தது. ஒரு பையன் அதைச் சொன்னதற்கு, "ஓட்டை சரியா விழலை, படத்தைப் பார்த்து எழுதிக்கோ" என்று பதில். எனக்குக் கடுப்பாகிவிட்டது. ஆனால் பெரிய சார் எழுந்து வந்து, "இரு கண்ணு, நீ சொன்னதுதான் சரி" என்று பாட்டிலை எடுத்து உயரமான ஸ்டூலின் விளிம்பில் வைத்து, தண்ணீர் தரையில் விழுகிற மாதிரி செய்தார். இப்போது கீழ் ஓட்டைத் தண்ணீர் மற்ற இரண்டையும் தாண்டிப் போனது. கீழ் ஓட்டையில் வேகம் எப்போதுமே அதிகம்தான், ஆனால் பாட்டில் மேசையில் நிற்கும்போது அந்தத் தண்ணீருக்கு விழ உயரமே கிடையாது, தூரம் போவதற்குள் தட்டைத் தொட்டுவிடுகிறது. மேசையில் நிற்கிற பாட்டிலுக்கே தப்பாகப் படம் போட்ட புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, பாவம் அந்த இளைஞரும் அதைப் படித்துத்தான் வந்திருப்பார்.

அப்புறம் பெரிய சார் பேச்சை அப்படியே ஊருக்குப் பக்கத்து அணையான கே.ஆர்.பி. டேமுக்குக் கொண்டு போனார். பிள்ளைகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போகிற இடம். 52 அடித் தண்ணீர் அடியில் எப்படித் தள்ளும், அணை ஏன் கீழே அகலமாக இருக்கிறது, 2017-ல் ஷட்டர் உடைந்தபோது தண்ணீர் ஏன் அப்படிச் சீறிக்கொண்டு வந்தது என்று பேசப் பேச, பின் பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாக்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

மோட்டார் வகுப்பு இதைவிட நன்றாக இருந்தது. வைண்டிங் கடைகளில் கிடைக்கும், கரண்ட் கடத்தாத எனாமல் பூசிய கம்பியை மார்க்கர் பேனாவில் சுற்றி காயில் செய்து, ஒரு டார்ச் செல்லின் இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஊக்குகளில் அதைத் தாங்க வைத்து, கீழே ஒரு காந்தம், அவ்வளவுதான் சாமான். சூட்சுமம் எனாமலைச் சுரண்டுவதில் இருக்கிறது. ஒரு முனையில் முழுக்கச் சுரண்ட வேண்டும், மறு முனையில் மேல் பாதியை மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் காயிலைத் தள்ளுகிற திசை மாறிவிடும், காயில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நிற்கும். எதிர்ப்பக்கம் தள்ளுகிற அந்த அரைச் சுற்றில் கரண்ட் அறுந்தால்தான் வந்த வேகத்திலேயே தாண்டிச் சுற்றும். பெரிய சார் இதை முதலில் சொல்லவே இல்லை, எல்லாரையும் முழுக்கச் சுரண்ட விட்டார். "ஏன் சார் ஆடிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டால், "எந்தப் பக்கம் வரும்போது திரும்புது பாரு" என்பதோடு சரி. என் பெண் காயிலின் ஒரு பக்கத்தில் நீல மையால் புள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். சார் காரணத்தை விளக்கிய பிறகு, சுரண்டிய எனாமலை எப்படித் திரும்பப் பூசுவது என்று ஒரே குழப்பம். பக்கத்துப் பெண்ணின் அம்மா கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் எடுத்துக் கொடுத்தார். காய்ந்ததும் சுற்றியது.

இளைஞர் நடத்தும் வகுப்புகள் இந்த அளவுக்கு இல்லை. ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை, பிள்ளைகள் கைதட்டல், கார்பன் டை ஆக்சைடு என்று போர்டில் ஒரு வரி, முடிந்தது. ரோபோ வகுப்பில் ரிமோட் முழு நேரமும் அவர் கையில்தான்.

இப்போது கிட். அட்டைப்பெட்டி பளபளவென்று இருக்கிறது, செய்முறைத் தாள் முழுக்க ஆங்கிலம். எலுமிச்சை பேட்டரிக்குக் கொடுத்த ஆணி வெறும் இரும்பு. செப்புக் கம்பிக்கு ஜோடியாகத் துத்தநாகம் இருந்தால்தான் ஒரு பழத்துக்கு 0.9 வோல்ட் பக்கம் கிடைக்கும், சிவப்பு எல்.இ.டி. எரியவே 1.8 வோல்ட் வேண்டும். தாளில் இரண்டு பழம் போதும் என்று போட்டிருக்கிறது, எங்கள் வீட்டில் எரியவில்லை. ஹார்டுவேர் கடையில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணி வாங்கி, நாலு பழத்தை வரிசையாக இணைத்ததும், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் மங்கலாகத் தெரிந்தது. கேட்டதற்கு, பிரித்த கிட்டை மாற்றித் தர முடியாது என்றார்கள். இந்தக் காசுக்குப் பதிலாக, கழிவுப் பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுக்கும் அரவிந்த் குப்தாவின் வீடியோக்களைப் பாருங்கள், தமிழிலும் இருக்கின்றன, இலவசம். சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை இணைத்தால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது, பாலத்திலும் டவரிலும் ஏன் அத்தனை முக்கோணம் என்பது ஒரு தீப்பெட்டிச் செலவில் புரிந்துவிடும்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய செய்முறை அறிவியல், கணக்குத் திட்டமான வானவில் மன்றம் ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும்தான், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இல்லை. அதனால்தான் காசு கட்டி இங்கே வர வேண்டியிருக்கிறது. சேர்ப்பதாக இருந்தால் பெரிய சார் எடுக்கிற காலை 10 மணி பேட்சைக் கேட்டு வாங்குங்கள், 11.30 பேட்ச் முழுக்க இளைஞர் கையில். கிட் கட்டாயம் என்று கவுண்டரில் சொல்வார்கள். கட்டாயமெல்லாம் இல்லை, வகுப்பில் சாமான் அவர்களே தருகிறார்கள். கீழே வண்டி நிறுத்த இடமில்லை, டூ வீலரில் போவதே நல்லது.